ஒரு லிட்டர், ஐம்பது விநாடி

சுசீலாபாய் ஆன்ட்டி முப்பது வருடம் ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். மாணவர்கள் குழாய்களில் நீர் பாயும் வேகத்தைக் கணக்கிட, தொட்டி நிரப்பி ஸ்டாப்வாட்ச் எடுத்துக் கொடுப்பார். இப்போது சாலைக் கடைத்தெருவின் பின்னால் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் இருக்கிறார். மார்ச்சில் அவர் மகன் மஸ்கட்டுக்குப் போனான். அதே மாதம், நாலு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் மாடிக்குக் குடிவந்தேன். அதே மாதத்திலிருந்து, நிரப்பிய தொட்டித் தண்ணீரும் ஒரே நாளில் தீர ஆரம்பித்தது.

"தண்ணியை யாரு பாழாக்கறாளோ அவா வீட்டைக் காலி பண்ணட்டும்," என்று வீட்டுக்காரர் அனந்தபத்மநாபன் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"சும்மா சொல்லண்டாம். அளந்து சொல்லுகேன்," என்றார் ஆன்ட்டி.

ஒரு லிட்டர் மக்கோடு மாடிக்கு வந்தார். "தண்ணி ஒரே சீராட்டு வரட்டு, மக்ளே. பொறவு போன்ல வாட்சை அமுக்கு." என் ஷவரில் மக் நிரம்ப எட்டு விநாடி. "பத்து நிமிஷத்துக்கு எழுபத்தஞ்சு லிட்டர். நீ குளிக்கியதே அஞ்சு நிமிஷம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்க சுவர் வழியால்லா குழாய் போவுது. கேக்கும்."

கீழே அவர் சமையலறைக் குழாய் லேசாகத் திறந்திருந்தது. கவிழ்த்து வைத்த பாத்திரத்தின் மேல் தண்ணீர் நூலாக விழுந்துகொண்டிருந்தது.

"இது?"

"இதுக்கெல்லாம் கணக்கா?" என்று சிரித்தவர், சிரிப்பை நிறுத்தி, மக்கை வைத்தார். நாற்பத்தொன்பது. ஐம்பத்தொன்று. ஐம்பது. சராசரி ஐம்பது விநாடி. சாயங்காலம் நாலு மணி முதல் பத்து மணி வரை திறந்திருக்குமாம். காகிதத்தில் எழுதினார்: மணிக்கு எழுபத்திரண்டு, ஆறு மணி நேரத்துக்கு நானூற்று முப்பத்திரண்டு லிட்டர்.

"எதுக்கு ஆன்ட்டி திறந்து வைக்கிறீங்க?"

"டிவி அதுபாட்டுக்குப் பேசும். இது அடுக்களையில ஆளு நிக்கியது மாதிரி இருக்கும்."

"பைப் லீக்குன்னு சொல்லிடலாம்."

"மூணு ரீடிங் எடுத்தாச்சே," என்று காகிதத்தை மடித்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் போனார்.

அவர் இரண்டு முறை படித்தார். "குழாயை அடைச்சு வச்சாப் போறும்," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வீடு தப்பியது.

மறுநாள் நாலு மணிக்குக் கீழே சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் ஆன்ட்டி பாதிப் படி ஏறி வந்து நின்றார்.

"மக்ளே, நீ இனி கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக் குளி."

சரி என்றேன். அடுத்த மாதம் கிளம்ப டிக்கெட் எடுத்திருப்பதைச் சொல்லவில்லை.