மேடையில் வந்த வேறு அப்பா

போன வருடம் கும்மிடிப்பூண்டியில் என் மகள் படிக்கும் பள்ளியில் ஆண்டு விழா. அவள் அப்போது ஏழாம் வகுப்பு. 'என் அப்பா' என்ற பேச்சுப் போட்டியில் அவளும் பேசுகிறாள் என்றார்கள். எனக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை. சூப்பர்வைசரிடம் கெஞ்சி ஷிப்டை மாற்றிக்கொண்டு, இருக்கிற ஒரு நல்ல சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மனசுக்குள் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அவள் பேச ஆரம்பித்தாள். அவளுடைய அப்பா தினமும் மாலை அலுவலகம் முடிந்து வருவாராம். அவளைப் பூங்காவுக்கு அழைத்துப் போவாராம். உறங்கும் முன் தலையை வருடிக் கதை சொல்வாராம். எனக்குக் காதெல்லாம் சுட்டது. மாதத்தில் பாதி நாள் நான் நைட் ஷிப்டு. எங்கள் பக்கம் பூங்காவும் கிடையாது, ஒரு புண்ணாக்கும் கிடையாது. அவளுக்குத்தான் முதல் பரிசு. பக்கத்தில் இருந்தவர் கை கொடுத்தார். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

பெற்ற மகளுக்கே என்னைச் சொல்ல வெட்கமாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டேன். என் மனைவி விடுவாளா?

"கொயந்த கப்பு வாங்கிக்கினு வந்துகீது. நீ இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற?"

எனக்கு வந்ததே ஆத்திரம். "அவ சொன்ன அப்பன் எந்த ஊட்ல கீறான்னு அவளையே கேளு" என்று கத்திவிட்டேன்.

மகள் அழுதுகொண்டே சொன்னபோதுதான் நடந்தது தெரிந்தது. முதலில் அவளாகத்தான் எழுதியிருக்கிறாள். நான் எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காது மடிப்பில் கரி ஒட்டியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை அவள்தான் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பாள். பகலில் நான் தூங்கும்போது டிவி சத்தத்தை நிறுத்திவிட்டு, படத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் அவளே கிசுகிசுவென்று வசனம் பேசித் தம்பியைச் சிரிக்க வைப்பாள். இதையெல்லாம் எழுதியிருக்கிறாள். டீச்சர் பார்த்துவிட்டு, இது மேடைக்குச் சரிப்படாது என்று செல்போனில் ஏதோ ஏஐ ஆப்பில் போட்டு, நன்றாக மாற்றிக் கொடு என்று கேட்டு வாங்கி, அதை மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டாராம்.

"எங்கப்பா இப்டி இல்ல மிஸ்னு சொன்னேம்பா. அவங்க கேக்கல" என்றாள்.

மறுநாள் டூட்டி முடிந்த கையோடு, அழுக்கு யூனிபார்மோடு பள்ளிக்குப் போனேன். டீச்சர் மரியாதையாகத்தான் பேசினார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் செய்தோம், பிழையில்லாமல் அழகாக வருகிறது, பரிசும் கிடைத்ததே என்றார். வீட்டுப்பாடத்துக்குப் பிள்ளைகள் இந்த ஆப்பைத் தொட்டால் மார்க்கைக் குறைப்போம் என்று எங்களுக்குச் சொல்லி அனுப்பியதும் இவர்கள்தான். ஊருக்கு உபதேசம், உனக்கில்லையடி என்பது இதுதான்.

"தப்பு இருந்தா திருத்துங்க மிஸ். அவ அப்பனையே மாத்தச் சொல்லி உங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டேன்.

"அது தானா அப்படி எழுதிடுச்சு சார்" என்றார்.

தானாகவாம்! படித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று பிள்ளை கையில் கொடுத்தது யார்? கம்பெனியில் நான் ஓட்டுகிற கிரேன் போய் ஒருவன் மேல் இடித்தால், 'அது தானா போச்சு' என்று நான் சொல்ல முடியுமா? அன்றைக்கே என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். அதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். மகள் மாட்டேன் என்றுவிட்டாள். பேசியது நான்தானே என்கிறாள். அதுவும் நியாயம்தான், நானும் விட்டுவிட்டேன்.

இந்த வருடம் 'என் அம்மா' என்று கட்டுரை கேட்டிருந்தார்கள். என் மனைவி ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டுகிறாள். எழுத உட்கார்ந்த மகள் என்னிடம் கேட்டாள்.

"அம்மா ஷூ கம்பெனிக்குப் போறத எழுதலாமாப்பா? இல்ல, பேங்க்ல வேலைன்னு நானே மாத்திக்கவா?"

அவள் அதை வருத்தத்தோடு கேட்கவில்லை, பேனாவுக்கு என்ன மை என்று கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டாள். உள்ளதை எழுதினால் செல்லாது என்று ஒரு பிள்ளை மனசில் இவ்வளவு சீக்கிரம் பதிய வைத்துவிட்டார்களே என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.