தயாபரன் விற்ற மடிக்கிற போன்

கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால் போகிற ஒழுங்கையில் தயாபரனுக்கு ஒரு போன் கடை இருக்கிறது. நாலு பேர் ஒன்றாக வந்தால் ஒருவர் வெளியே நிற்க வேண்டும், அவ்வளவுதான் இடம். சொந்த ஊர் ஜெயபுரம். தகப்பன் வயல் செய்தவர். இவனுக்கு வயலில் மனம் ஒட்டவில்லை. போர் முடிந்து வவுனியா அகதி முகாமிலிருந்து வெளியே வந்த அடுத்த வருடம், ஒரு கடையில் தரை கூட்டிக்கொண்டே போன் கழற்றிப் பூட்டப் பழகினான். இப்போது வயது முப்பத்தாறு.

அவனுக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. "தயாபரனிட்டக் கேட்டிட்டு வாங்கு" என்பார்கள். புதுப் போன் வாங்க வருகிறவரின் பழைய போனை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பற்றறி மாத்தினால் இன்னும் ரெண்டு வருசம் ஓடும், காசை வைச்சிருங்கோ" என்று அனுப்பிவிடுவான். கடையில் கூடவே நிற்கும் மனைவி லக்சிகா, "இப்பிடியே எல்லாரையும் திருப்பி அனுப்பினால் நாங்கள் என்னத்தைச் சாப்பிடுறது?" என்று கேட்பாள். கேட்கும்போது முகத்தில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

போன வருடம் ஆடி மாதம், கனடாவிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்த ஒருவர் தன்னுடைய மடிக்கிற போனை அவனிடம் விற்றுவிட்டுப் போனார். மூடினால் ஒடுக்கமான சின்னப் போன். புத்தகத்தைப் போல விரித்தால் உள்ளே அகன்ற திரை. தயாபரன் அதுவரை அப்படி ஒன்றைத் திருத்தியதுமில்லை, விற்றதுமில்லை. ஆசையில் வாங்கிவிட்டான். பிறகுதான் நிதானமாகப் பார்த்தான். விரிக்கும்போது பிணைச்சலில் நறநறவென்று மெல்லிய சத்தம். மடிப்பின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய தாள் ஓரிடத்தில் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. தூரிகையால் தூசு தட்டி, தாளை மாற்றி, துடைத்துக் கண்ணாடி அலுமாரியின் நடுத்தட்டில் வைத்தான். சத்தம் குறைந்தது. முற்றாகப் போகவில்லை.

பார்க்க நிறையப் பேர் வந்தார்கள். விரித்தார்கள், மூடினார்கள், விலை கேட்டார்கள். ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்றதும், "அண்ணை, இந்தக் காசுக்கு ஓடுற மோட்டார் சைக்கிள் எடுக்கலாமே" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். உண்மையாகவே வாங்க யோசித்த இரண்டு பேரை அவனே தடுத்தான். "இது எங்கட இடத்துக்குச் சரிவராது. புழுதி போகக் கூடாது, மணல் போகக் கூடாது. உள் ஸ்கிறீன் உடைஞ்சால் கொழும்பிலயிருந்துதான் வரவேணும். அதுக்கு ஒண்டரை லட்சம் கேப்பாங்கள்" என்று அவர்களுக்கு விளக்கமாகச் சொன்னான். அப்படிச் சொல்லிச் சொல்லியே நாலு மாதம் போன் நடுத்தட்டில் கிடந்தது. காசும் அதற்குள்ளேயே கிடந்தது.

நத்தார்ப் பண்டிகைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது புனிதம் வந்தார். முல்லைத்தீவுக் கரையோரத்தில் கருவாடு போடுகிறவர், ஐம்பத்துநாலு வயது. கணவர் மத்தேயு களப்பில் இறால் பிடிக்கிறவர். அன்று மழை. குடையை வெளியே சாய்த்து வைத்துவிட்டு, கால் சேற்றைப் படியில் வழித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"தம்பி, என்ர மகள் கலிஸ்ராவுக்குக் காது கேளாது, பேசவும் மாட்டா. கொழும்புப் பக்கம் கார்மென்ற்ல தையல் வேலை. நாங்கள் ரெண்டு பேரும் கையாலதான் கதைக்கிறது. ஒரு கையில போனைப் பிடிச்சால் மற்றக் கையால அரைக் கதைதான் கதைக்கலாம். போத்தலில சாய்ச்சு வைச்சால் விழுந்துபோகுது. சின்ன ஸ்கிறீனில அவவின்ர விரலும் எனக்குத் தெரியுதில்லை. நீங்கள் நல்லதாச் சொல்லுவீங்கள் எண்டு எங்கட கோயில் பங்கில ஒரு பிள்ளை சொன்னது."

தயாபரன் அந்த மடிக்கிற போனை எடுத்தான். கமெராவைத் திறந்து, பாதி விரித்து மேசையில் வைத்தான். அது தானாகவே நின்றது. எவரும் பிடிக்கத் தேவையில்லை, சாய்க்கவும் தேவையில்லை. புனிதம் இரண்டு கைகளையும் அதற்கு முன்னால் தூக்கி அசைத்துப் பார்த்தார். திரையில் இரண்டு கைகளும் முழுதாகத் தெரிந்தன. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்த நேரத்தில் அதே அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு ரப்லெற் இருந்தது. அப்பியாசக் கொப்பி அளவு, மடிக்கிற போனைவிடப் பெரிய திரை. உறையைப் பின்னால் மடித்தால் அதுவும் தானாக நிற்கும். விலை முப்பத்தெட்டாயிரம். தயாபரனுக்கு அது நினைவு வந்தது. வந்ததை அவன் பின்னாளில் ஒருபோதும் மறுக்கவில்லை. லக்சிகாவும் கீழ்த்தட்டைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"கடற்கரை மணலுக்கு இது தாங்குமோ தம்பி?" என்று புனிதம் கேட்டார்.

"ஓம் அம்மா. கவனமாப் பாவிச்சால் ஒண்டும் செய்யாது."

புனிதம் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டுக் காசை எடுத்தார். விலை பேசவில்லை. போகும்போது, "கடவுள் உங்களை ஆசீர்வதிக்க வேணும்" என்று சொன்னார். அன்று லக்சிகா அவனோடு கதைக்கவில்லை.

ஏழு கிழமை கழித்துப் புனிதம் மறுபடி வந்தார். போனைத் துவாயில் சுற்றி, சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, பஸ்ஸில் மடியில் ஏந்திக்கொண்டு வந்திருந்தார். திரையின் வலது பாதி கறுப்பு. மடிப்பின் நடுவே பச்சையாக ஒரு கோடு. கடையில் வேறு இரண்டு பேர் நின்றார்கள்.

"நான்தான் தம்பி பழுதாக்கிப்போட்டன். நீங்கள் கவனமாப் பாவியுங்கோ எண்டு சொன்னீங்கள். நான் கருவாட்டுக் கையோட தொட்டிருப்பன், காத்தில மணலும் பறந்திருக்கும். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஏதும் செய்யலாமோ?"

தயாபரன் விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தான். பிணைச்சலில் மணல் இருந்தது உண்மை. உள் திரை வெடித்த இடமோ கொப்புளம் கிளம்பியிருந்த அதே இடம். அவன் தாளை மாற்றி மறைத்த இடம். தலையை நிமிர்த்தாமல், "ஓம் அம்மா, மணல் போயிருக்கு" என்றான். புதுத் திரையின் விலையையும் சொன்னான்.

"என்ர பிழைக்கு ஆர் என்ன செய்யிறது" என்றுவிட்டு, புனிதம் போனை மறுபடி துவாயில் சுற்றினார். பார்த்துத் தந்ததற்கு எவ்வளவு என்று கேட்டார். தயாபரன் வேண்டாம் என்றான். நின்ற இரண்டு பேரில் ஒருவர், "நல்ல மனிசன் அவர்" என்று புனிதத்துக்குச் சொன்னார்.

அவர்கள் எல்லோரும் போன பிறகு லக்சிகா சொன்னாள்: "அந்த மனிசி உங்களிட்ட மன்னிப்புக் கேட்டிட்டுப் போகுது. நீங்கள் அதை வாங்கி வைச்சிருக்கிறியள்."

அதன் பிறகு பத்து நாள் தயாபரனுக்கு வேலை ஓடவில்லை. ஆராவது அவனுடைய யோசனை கேட்டால் எரிச்சல் வந்தது. "உங்களுக்குப் பிடிச்சதை எடுங்கோ" என்றான். கீழ்த்தட்டைத் துடைக்கப் போகும்போது கை தானாகத் தயங்கியது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ரப்லெற்றைப் பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டான். பரந்தனில் திரும்பிப் புதுக்குடியிருப்பு வழியாக நீண்ட ஓட்டம். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதைப் பழகினான். கொம்பனியிலிருந்து பழுதான போனுக்குப் பதிலாக இதைக் கொடுக்கச் சொன்னார்கள் என்று சொல்லலாம். அவருக்கும் சந்தோசம், தனக்கும் ஒரு அவமானமில்லை. இன்னொரு பொய்தான் அது. அந்த நேரம் அவனுக்கு அப்படித் தெரியவில்லை.

வீட்டு விறாந்தையில் புனிதம் கதிரையில் இருந்தார். எதிரே மத்தேயு குந்தியிருந்து, மூடிய போனை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளிப்பக்கத்து ஒடுக்கமான திரை மட்டும் வேலை செய்தது. அதற்குள் தீப்பெட்டி அளவில் ஒரு பெண் கையசைத்துக்கொண்டிருந்தாள். புனிதம் கண்ணைச் சுருக்கி முன்னுக்கு வளைந்து வளைந்து பார்த்தார். மத்தேயுவின் முழங்கை நடுங்கியது. எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தாரோ.

தயாபரனைக் கண்டதும் புனிதம் எழும்பி, போனின் பக்கம் திரும்பி ஏதோ சைகை செய்தார். நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார்.

"நல்ல பெடியன், பழுதைப் பாத்திட்டுக் காசு கூட வாங்கேல்லை எண்டு பிள்ளைக்குச் சொல்லுறன்" என்றார்.

பழகி வைத்திருந்த கதை தயாபரனின் வாயில் வரவில்லை. நின்ற நிலையிலேயே சொன்னான்.

"அம்மா, அதை நீங்கள் பழுதாக்கேல்லை. நான் விக்கேக்கயே அது பழுதுதான். எனக்குத் தெரியும். மணலுக்குத் தாங்காது எண்டும் தெரியும். மற்ற ஆக்களுக்கு எடுக்க வேண்டாம் எண்டு சொன்னனான். உங்களுக்கு மட்டும் சொல்லேல்லை."

கடற்காற்றில் கூரைத் தகரம் அடித்துக்கொண்டிருந்தது. திரைக்குள் கலிஸ்ரா கையை உயர்த்தி உயர்த்திக் கேட்டாள். என்ன சொல்கிறார் அவர், என்ன சொல்கிறார். புனிதம் கைகளைத் தூக்கி, மெதுவாக, ஒவ்வொன்றாக, அவன் சொன்னதை மகளுக்குச் சொன்னார். தயாபரனுக்கு அந்தச் சைகைகள் ஒன்றும் விளங்காது. ஆனாலும் தன்னைச் சுட்டிய விரலும், அதன் பின் பொய் என்பதுபோல உதட்டின் முன்னால் வளைந்த விரலும் விளங்கின. வாயால் சொன்னபோது வராத வெட்கம் அதைப் பார்த்தபோது வந்தது. பார்வையைத் தரையில் போட்டான்.

"அவ கேக்கிறா," என்றார் புனிதம். குரலில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. "அது அவவின்ர ரெண்டு வருச ஓவர்ரைம் காசு எண்டு உங்களுக்குத் தெரியுமோ எண்டு."

"தெரியாதம்மா."

மத்தேயு போனைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினார். தயாபரன் அடி விழும் என்று நினைத்தான். அவர் அவனைப் பார்க்கவே இல்லை. மனைவியைப் பார்த்தார்.

"பத்து நாளா நான் இவவை என்ன பேச்செல்லாம் பேசிப்போட்டன். பிள்ளையின்ர காசை மண்ணாக்கினவள் எண்டு பேசினனான். இவ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லேல்லை" என்றார். பிறகு தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தார்.

தயாபரன் ரப்லெற்றை மேசையில் வைத்தான். அதற்குரிய விலையைக் கழித்து மிச்சக் காசைத் தருவதாகச் சொன்னான். "முழுக்காசையும் தாங்கோ. இதையும் வைச்சிட்டுப் போங்கோ" என்றார் புனிதம். அவன் தலையாட்டினான். அப்படி அவர் கேட்டது அவனுக்கு ஒரு ஆறுதலாக இருந்தது. கலிஸ்ராவின் அழைப்பை அதில் எடுத்துக் கொடுத்து, உறையை மடித்து நிறுத்தினான். அகன்ற திரையில் அவள் தோளும் முகமும் பத்து விரல்களும் தெரிந்தன. புனிதம் கதிரையை இழுத்துப் போட்டு மகளுக்கு முன்னால் இருந்தார். அதன் பிறகு அவன் பக்கம் திரும்பவில்லை. தயாபரன் பழுதான போனை எடுத்துக்கொண்டு, சொல்லாமலே வெளியே வந்தான்.

காசை இரண்டு தவணையாகக் கொடுத்து முடித்தான். லக்சிகாவுக்கு நடந்ததெல்லாம் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

சித்திரை விடுமுறைக்குக் கலிஸ்ரா வீட்டுக்கு வந்திருந்தாள். தாயும் மகளும் ஒரு சார்ஜர் வாங்கக் கடைக்கு வந்தார்கள். தயாபரன் கதிரையை விட்டு எழும்பினான், என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி இருந்தான். கலிஸ்ரா தன்னுடைய போனில் எழுதி அவனிடம் நீட்டினாள். 'விடுதியில் என்னோடு இருக்கும் பிள்ளைக்கு மடிக்கிற போன் வாங்க ஆசை. அவளும் கையால் கதைக்கிறவள். வாங்கலாமா?'

தயாபரன் அந்தப் போனை வாங்கி நெடுநேரம் எழுதினான். தானாக நிற்பது உண்மையில் நல்லது, சட்டைப் பைக்குள் பெரிய திரை போவது வேறெதிலும் இல்லை என்று எழுதினான். நடுவில் கோடு தெரியும், பற்றறி கெதியாக இறங்கும், புழுதி அதற்கு எமன், பாவித்ததை ஒருநாளும் வாங்கக் கூடாது, உடைந்தால் திருத்துகிற காசுக்கு நல்ல போன் இரண்டு வாங்கலாம் என்றும் எழுதினான். மேசையில் வைத்துக் கதைக்க ரப்லெற் போதும், போகிற இடமெல்லாம் கொண்டுபோய் வைத்துக் கதைக்க அந்தப் பிள்ளைக்கு மடிக்கிற போன்தான் வேண்டுமென்றால், இழந்தாலும் தாங்கக்கூடிய காசாக இருந்தால் மட்டும் வாங்கட்டும் என்று முடித்தான்.

கலிஸ்ரா எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தாள். தாயைப் பார்த்து இரண்டு சைகை செய்தாள்.

"முதலே இப்பிடிச் சொல்லியிருக்கலாமாம்" என்றார் புனிதம்.

"ஓமம்மா" என்றான் தயாபரன். சார்ஜரைப் பையில் போட்டுக் கொடுக்கும்போது அவனால் இருவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை.