கறுப்புப் பட்டை ஊரும் நாள்

இரண்டு டம்ளருக்கும் நடுவே டீ ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஜக்கையன் குடிக்கிற பாடாக இல்லை. வீட்டுக்காரர்கள் அவரையும் ஊமையாக நிற்கிற டி.வி.யையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். சாயங்காலம் படம் போடுவதற்குள் சரியாக வேண்டுமே என்கிற தவிப்பு அவர்களுக்கு. "கொஞ்சம் வெரசா பாருங்கண்ணே" என்றால், "டீ சூடா இருக்குல்ல" என்பார். ஏடு படிந்து பச்சைத் தண்ணீராக ஆறிப்போனாலும் அவருக்கு அது சூடுதான்.

போடிநாயக்கனூரில் டி.வி. மெக்கானிக் ஜக்கையனுக்கு டீப் பைத்தியம் என்றே பெயர். ஆனால் மனிதருக்கு டீ ஆகாது, குடித்தால் நெஞ்சைக் கரிக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபுக்குள் கரண்டு தங்கியிருக்கும். அது அடங்கட்டும் என்று காத்திருக்கத்தான் இந்த டீ. சும்மா உட்கார்ந்திருந்தால் வேலை தெரியாதவன் என்று பேசுவார்கள். டீ கேட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. டீ உள்ளே போன பிறகும், மிச்சக் கரண்டு இறங்க ஸ்குரூடிரைவரில் ஒயரைச் சுற்றி டியூபை ஒருமுறைக்கு இருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பின்மூடிக்குள் கையை விடுவார்.

மதுரையில் தொழில் பழகியபோது ஒரு டியூப் அவரைத் தூக்கி எறிந்திருக்கிறது. கண் விழித்தபோது மேஜைக்கு அந்தப் பக்கம் கிடந்தாராம். வலது சுண்டுவிரலில் இன்றைக்கும் உணர்ச்சி கிடையாது. அன்றைக்குப் பிடித்த பயம் விடவே இல்லை. சொந்த வீட்டில் லைட் சுவிட்சை அகப்பைக் காம்பால்தான் தட்டுவார். "மிக்சி போடுறேன்னு சொன்னாப் போதும், மனுசன் தெருவுல போய் நின்னுக்குவாரு" என்று அவர் மனைவி குருவம்மாள் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். ஜக்கையனும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வேறு தொழிலுக்குப் போகலாமே என்று கேட்டால், "வேற என்ன தெரியும் எனக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

போன வருஷம், எண்பத்தெட்டில், ஒரு வெள்ளிக்கிழமை செல்லத்தாய் அவருக்குச் சொல்லி அனுப்பினாள். அவள் புருஷன் காசிராஜன் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கணக்குப் பார்க்கிறவன். வாரம் பூராவும் மலையில் கிடந்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் ஜீப்பில் இறங்குவான். பிள்ளைகள் இரண்டும் மதுரையில் தங்கிப் படிக்கின்றன. தனியாகக் கிடக்கிற அக்காளுக்கு, சிங்கப்பூரிலிருந்து வந்த தம்பி ஒரு கம்ப்யூட்டர் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். டி.வி.யில் மாட்டி விளையாடுகிற சாமான். தட்டச்சு மிஷினில் பாதி இருக்கும். மேலே தகடு, அதில் வரிசையாகப் பொத்தான்கள். டேப்ரிக்கார்டரில் கேசட்டை ஓடவிட்டால் காது கிழியக் கத்தித் தீர்த்துவிட்டு, ஒரு குட்டி விமானம் திரையில் வரும். மலையில் மோதாமல் அதை ஓட்ட வேண்டும். மதியச் சோறு முடிந்தால் செல்லத்தாய்க்கு அதுதான் சோலி. மலையை எல்லாம் தாண்டிவிட்டால் அன்றைக்குப் பூராவும் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும்.

"படம் நெளியுதுண்ணே. கறுப்பா ஒரு பட்டை கீழே இருந்து ஊர்ந்து ஊர்ந்து மேலே போகுது. பிளேன் அதுக்குள்ள போச்சுன்னா கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது."

"எப்பவுமா தாயி?"

"அப்படிச் சொல்ல முடியாது. சில நாள் கண்ணாடி மாதிரி இருக்கும். பட்டை ஊருற அன்னைக்கு மட்டும் பொத்தானைத் தொட்டா கையில ஜிவ்வுன்னு இருக்கும். பிளேனு மோதுறது நமக்கும் தெரியணும்னு வெளிநாட்டுக்காரன் அப்படி வச்சிருக்கான்னு நினைச்சேன்."

ஜக்கையன் டி.வி.யை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"எங்க உக்காந்து விளையாடுவீக?"

"கோரைப்பாயிலதான். இன்னிக்கு வெள்ளிக்கிழமை, வீடு கழுவி விட்டேன். பாய் மாடியில காயுது." சொல்லிக்கொண்டே ஈரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்த தலை இன்னும் உலரவில்லை. கம்ப்யூட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இருங்க, போட்டே காட்டுறேன்" என்று டி.வி.யின் பொத்தானுக்குக் கையை நீட்டினாள்.

வேண்டாம் என்று சொல்ல ஜக்கையன் வாயைத் திறந்தார். சொல்லி முடிக்க நேரமில்லை. சுவரோரம் பாய்ந்து பிளக்கை ஒயரோடு சேர்த்து இழுத்தார். இழுத்த வேகத்தில் பின்னால் சாய்ந்து சுவரில் மோதிக்கொண்டார். செல்லத்தாய் திகைத்துப்போய்ப் பார்த்தாள்.

"என்னண்ணே ஆச்சு?"

"அதை மடியில இருந்து எறக்குங்க தாயி. டீ ஒண்ணு குடுங்க."

அன்றைக்கு டீயை ஆற்றவும் முடியவில்லை அவரால். டம்ளருக்கு வெளியேதான் சிந்தியது. கடைசியில் ஓரமாக வைத்துவிட்டு, நேரம் போகட்டும் என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டி.வி.யின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால், பயந்தது அப்படியே இருக்கிறது.

டி.வி.யின் முதுகில் ஆன்டெனா ஒயரும் இந்தக் கம்ப்யூட்டர் ஒயரும் செருகுகிற இடத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டப்பா உண்டு. உள்ளே ஓடுகிற வீட்டுக் கரண்டு வெளி ஒயருக்குப் போகாமல் நடுவில் நின்று தடுப்பது அதுதான். போடியில் மலை மறைப்பதால் படம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். அந்த டப்பாதான் படத்தைத் தின்கிறது என்று யாரோ ஒரு புண்ணியவான் கிளப்பிவிட, ஊரில் பாதிப் பேர் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒயரை நேரடியாக முறுக்கிவிட்டார்கள். படமும் துளி தெளிந்து தொலைத்தது. அப்புறம் யார் சொல்லி யார் கேட்பது? காசிராஜனும் ஒரு சனிக்கிழமை அந்த வேலையைப் பார்த்திருந்தான்.

"அவருதான் பிடுங்குனாரு. சிலமலையில அவுக மச்சான் வீட்டுலயும் இப்படித்தான் செஞ்சாகளாம்" என்றாள் செல்லத்தாய்.

"பிளக்கைத் தெனமும் கழட்டுவீகளா?"

"இடி இடிச்சாக் கழட்டுவேன். இஸ்திரிப்பெட்டி போடக் கழட்டுவேன்."

ஜக்கையன் எடுத்துச் சொன்னார். அது இரட்டைக் கம்பி பிளக், எப்படித் திருப்பினாலும் சுவரில் ஏறும். ஒரு பக்கமாகச் செருகினால் கம்ப்யூட்டர் தகட்டில் கரண்டு இருக்காது. திருப்பிச் செருகினால் வீட்டுக் கரண்டு டப்பா இல்லாத ஒயர் வழியாக நேரே கம்ப்யூட்டர் தகட்டுக்கு வந்துவிடும். பட்டை ஊர்ந்ததெல்லாம் அந்த நாட்களில்தான். காய்ந்த பாயில் உட்கார்ந்திருந்ததால் ஜிவ்வென்பதோடு போயிற்று.

"பாய் இல்லேன்னா?" என்று கேட்டாள்.

ஜக்கையன் ஈரத் தரையைக் கண்ணால் காட்டினார். அவள் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டாள். எத்தனை மதியம் அந்தத் தகட்டின் மேல் கை வைத்திருந்தாளோ, அதையெல்லாம் நினைத்திருப்பாள்.

பையிலிருந்து புது டப்பாவை எடுத்து ஜக்கையன் பூட்டினார். முறுக்கின ஒயரை வெட்டி, சீவி, ஒழுங்காக இணைத்தார். பிளக்கை ஒருவிதமாகச் செருகித் தகட்டில் டெஸ்டரை வைத்தார், எரியவில்லை. திருப்பிச் செருகி வைத்தார், அப்போதும் எரியவில்லை. கேசட் கத்தி முடித்து விமானம் வந்தது. பட்டையும் இல்லை, நெளிவும் இல்லை. இத்தனை சுத்தமான படத்தை அந்த வீட்டு டி.வி. அதுவரை காட்டியதில்லை.

"ஆச்சு தாயி. விளையாடுங்க."

செல்லத்தாய் கதவோரமாகப் போய் நின்றுவிட்டாள். ஓட்ட ஆளில்லாத விமானம் மலையில் மோதியது. இன்னொன்று வந்தது, அதுவும் மோதியது.

"வேணாம்ணே. கொண்டு போயிருங்க இதை."

"டெஸ்டர் எரியலையே, பார்த்தீகள்ல."

"டெஸ்டருக்கு என்ன, உசுரா இருக்கு?" என்றாள். "மத்தியானமானா இந்த வீட்டுல எனக்கு இது ஒண்ணுதாண்ணே பேச்சுத்துணை. ஆனா பார்த்தாலே கையெல்லாம் வெடவெடங்குது. இனிமே எப்படித் தொடுவேன்?"

இந்த மாதிரி நடுக்கத்துக்கு வைத்தியம் சொல்ல ஊரிலேயே தகுதியில்லாத ஆள் ஜக்கையன்தான். அது அவருக்கே தெரியும். பையைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். வாசல் வரைக்கும் போகவும் செய்தார். திரும்பிப் பார்த்தால், அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, பாம்பைப் பார்ப்பதுபோல அந்தச் சாமானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தார். டி.வி. ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஈரம் காயாத தரையில் அவள் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்தார். கம்ப்யூட்டரை மடிக்கு இழுத்தார். நெற்றி வேர்த்து மூக்கு நுனியில் சொட்டியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது உள்ளங்கையைத் தகட்டின் மேல் முழுசாக வைத்து அழுத்தினார். திரையில் ஒன்றன்பின் ஒன்றாக விமானங்கள் மோதி விழுந்துகொண்டிருந்தன. செல்லத்தாய் கிட்டே வந்து, எதிரே உட்கார்ந்து, ஒரு விரலால் பொத்தானைத் தொட்ட பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.