கோவில்பட்டி வரை

பஸ்ஸின் முன்படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு பெரியப்பா வூட்டுப் பேர் கூப்பிடுவார். ஆள் பேர் இல்லை, வூட்டுப் பேர். "மேட்டு வூடு?" "வந்தாச்சு." "கெணத்து வூடு?" "வந்தாச்சு." "புளியமரத்து வூடு?" "மாமா மட்டும் டீ குடிக்கிறாருங்க, தோ வந்துட்டாரு." கடைசி வூடு சொல்லி முடிந்ததும் பஸ் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. வண்டி கிளம்பிவிடும். அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை, அறுவடை முடிந்து தை மாசக் கடைசியில், பதினோரு வூடு சேர்ந்து தமிழ்நாடு டூர் போவோம். பெரியப்பாதான் டூருக்குத் தலைவர். அந்த இரண்டு தட்டு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நல்ல விதமாக இல்லை.

அதை டூர் என்று சொல்வதே தப்பு. ஐந்து நாளில் பதினாறு இடம் என்று நோட்டீஸில் அச்சடித்துவிட்டால் பதினாறையும் தொட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான் பெரியப்பாவின் கணக்கு. தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு நாற்பது நிமிஷம். "கோபுரம் ஒசரமா இருக்குது. பாத்தாச்சுல்ல? ஏறு." ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு கிணற்றுத் தண்ணீரையும் தலையில் ஊற்றிக்கொண்டு ஈரத்துணியோடு ஓடி வந்து ஏறுவோம், சீட்டெல்லாம் நனைந்து திருச்செந்தூர் வரை நாறும். நாகூரில் செருப்பைக் கழற்றிய நேரம்தான் அதிகம். எதையும் யாரும் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொல்லிக்கொண்டோம். ஊருக்குத் திரும்பி வந்து எதிர்வூட்டுக்காரனிடம் சொல்வதற்காகவே போனோம். நானும்தான்.

அத்தை என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. கம்பைநல்லூர் பக்கம் கட்டிக்கொடுத்து மூன்றே வருஷத்தில் திரும்பி வந்துவிட்டார். அந்த ஆள் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து வைத்துக்கொண்டான். வந்தவரை அண்ணன்கள் இரண்டு பேரும் விரட்டவில்லை, அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் எந்த வூட்டிலும் அத்தைக்கு என்று ஒரு இடம் வைக்கவும் இல்லை. ஆறு மாசம் பெரியப்பாவின் மேட்டு வூடு, ஆறு மாசம் எங்கள் கெணத்து வூடு. எந்த வூட்டில் களை எடுக்க ஆள் வேணுமோ, எந்த வூட்டில் பிரசவமோ, அங்கே. ரேஷன் கார்டில் எங்கள் வூடு. கல்யாணப் பத்திரிகையில் எந்த வூடும் இல்லை. டூருக்கு அத்தையைக் கூட்டிக்கொண்டு போனதும் ஊர் பார்க்க இல்லை. சமையல்காரருக்கு ஒத்தாசைக்கு ஒரு பொம்பளை வேணும் என்று கூட்டிப் போனோம். பஸ்ஸின் கடைசி சீட்டில் அண்டா, கேஸ் அடுப்பு, வெங்காய மூட்டையோடு அத்தை உட்கார்ந்து வரும்.

அந்த வருஷம் எனக்கு இருபத்தாறு வயசு. கல்யாணமாகி நாலு மாசம். கன்னியாகுமரியில் விடியற்காலை கடற்கரையில் நின்று சூரியன் வருவதைப் பார்த்தோம். பாறைக்குப் படகில் போக வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். வரிசை நீளமாக இருந்தது. "இங்கிருந்தே நல்லாத் தெரியுது, அப்புறம் படகு என்னாத்துக்கு?" என்று பெரியப்பா முடித்துவிட்டார். இட்லி சாப்பிட்டோம். பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் கட்டணக் கழிப்பறை. ஆண்கள் பக்கம் காலி. பெண்கள் பக்கம் வடநாட்டு பஸ் ஒன்றிலிருந்து இறங்கிய கூட்டம் நின்றது. அத்தை வரிசையில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"டேய், இங்க லேட்டாவும் போலக்குது. உங்க பெரியப்பன்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வெய்யி."

"சரிங்கத்த."

அப்படித்தான் சொன்னேன். சரிங்கத்த. சொல்லிவிட்டு, என் பெண்டாட்டிக்குச் சங்கு மாலை வாங்கப் போனேன். வாங்கிக்கொண்டு வந்து ஜன்னலோர சீட்டில் அவளை உட்கார வைத்து, மாலையை அவள் கழுத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா படியில் நின்று கூப்பிட ஆரம்பித்தார். மேட்டு வூட்டுக்குப் பெரியம்மா பதில் சொன்னார். "கெணத்து வூடு?" என்றார். எங்கள் அப்பா ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தார். நான்தான் தலையைக்கூடத் தூக்காமல் "வந்தாச்சு" என்றேன். இரண்டு தட்டு. வண்டி கிளம்பியது.

பெரியம்மா, அத்தை எங்கள் வூட்டோடு இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். எங்கள் அம்மா, நாத்தனார் பெரியம்மா பக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். சமையல்காரர், அந்த அம்மாவுக்கு வாந்தி வருகிறது போல, முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். எல்லாரும் நன்றாக நினைத்துக்கொண்டோம். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அந்த நினைப்பும் இல்லை. சுத்தமாக மறந்துபோனேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. திருநெல்வேலியில் அல்வா வாங்க வண்டியை நிறுத்தினோம். எல்லாரும் இறங்கினோம். வூட்டுக்கு ஒரு கிலோ, சிலர் இரண்டு. அரை மணி நேரம் ஆனது. மறுபடி ஏறினோம். மறுபடி பெரியப்பா படியில் நின்று வூட்டுப் பேர் கூப்பிட்டார். மறுபடி நான் "வந்தாச்சு" என்றேன்.

கோவில்பட்டி தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் மத்தியானச் சமையலுக்கு நிறுத்தினார்கள். சமையல்காரர் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். முன்னால் வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு சத்தம் போட்டார்: "ஏனுங்க, வெங்காயம் ஒண்ணுகூட உரிக்கல. எங்கீங்க போச்சு அந்தம்மா?"

அப்போதுதான் எனக்கு அந்தக் கழிப்பறை வரிசை ஞாபகம் வந்தது. வாயைத் திறந்து "என்கிட்ட சொல்லிட்டுப் போச்சு" என்று நான் சொல்லவில்லை. எல்லாரையும் போல நானும் "எங்க, எங்க" என்று பஸ்ஸுக்கு அடியில்கூடக் குனிந்து தேடினேன். நடித்தேன்.

அத்தையிடம் செல்போன் கிடையாது. யாருக்கும் அவருக்கு ஒன்று வாங்கித் தரத் தோன்றியதில்லை. அரை வேக்காட்டுச் சோற்றை அண்டாவோடு ஏற்றிக்கொண்டு வண்டியைத் திருப்பினோம். இரண்டரை மணி நேரம். பஸ்ஸுக்குள் முதலில் பயம், அப்புறம் அழுகை, நாங்குநேரி தாண்டுவதற்குள் கோபம். "ஒரு ஆளால மதுர போச்சு" என்றார் புளியமரத்து வூட்டு மாமா. "மீனாட்சியப் பாக்க நமக்குக் குடுத்து வெக்கல" என்றாள் அவர் சம்சாரம். தொலைந்தவள் எங்கே எப்படி நிற்கிறாளோ என்று கேட்க வேண்டிய வாய்கள். என் பெண்டாட்டி சங்கு மாலையைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டாள். அவளுக்கும் நான் சொல்லவில்லை.

கழிப்பறை, பஸ் நிறுத்தம், போலீஸ் பூத், கோயில் வாசல் என்று எங்கும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினோம். கடைசியில் மேற்குப் பக்கம், சூரியன் இறங்குவதைப் பார்க்க ஜனம் கூடும் இடத்தில், ஒரு கல்லின் மேல் அத்தை உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். முகத்தில் அழுத தடம் இருந்தது, ஆனால் அது காய்ந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

பெரியப்பா மூச்சு வாங்க வந்து கத்தினார். "ஏ, சொல்லாமக் கொள்ளாம எங்க போன? அறிவிருக்குதா? அம்பது பேரு சோறு தண்ணி இல்லாம நிக்கிறோம்!"

அத்தை என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். நான் மணலைப் பார்த்தேன்.

"சொல்ல மறந்துட்டண்ணா" என்றார்.

ஒரு வார்த்தையில் என்னைக் காப்பாற்றிவிட்டார். அதற்குப் பிறகு பெரியப்பா "ஏறு, ஏறு" என்றபோது அத்தை எழுந்திருக்கவில்லை. "பொழுது எறங்குறதுக்கு இன்னம் கொஞ்ச நேரந்தான் இருக்குது. பாத்துட்டு வர்றேன்" என்றார். என் நினைவில் அத்தை பெரியப்பாவை எதிர்த்துச் சொன்ன முதல் பேச்சு அது. ஐம்பது பேரும் நின்றோம். பெரியப்பாவும் நின்றார். சூரியன் கடலுக்குள் முழுசாக முங்கும் வரை பார்த்தோம். பதினாறு இடம் போன அந்த டூர்களில் நான் உண்மையிலேயே பார்த்த ஒரே இடம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

பஸ்ஸில் ஏறும்போது அத்தை கேட்டார், என்னை மட்டும், மெதுவாக: "நான் இல்லன்னு எந்த ஊருல தெரிஞ்சுது?"

"நாகர்கோவில் பக்கம்ங்கத்த" என்றேன். "திரும்பற வழியில டயரு பஞ்சர். அதான் லேட்டு."

நாகர்கோவில் கன்னியாகுமரிக்கு எட்டின தூரம். பொய் சொன்னாலும் புத்தியோடு சொல்லத் தெரியவில்லை. ஐந்து நிமிஷத்தில் பெரியம்மா, காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டாயே என்று அல்வாப் பொட்டலத்தைப் பிரித்து அத்தை கையில் வைத்தார். பொட்டலத்தில் திருநெல்வேலி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அத்தைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். படித்தார். தின்றார்.

ஊருக்கு வந்த அடுத்த வாரம், ஆறு மாசக் கணக்குப்படி அத்தை எங்கள் வூட்டுக்கு வர வேண்டும். வரவில்லை. அதியமான்கோட்டை பைரவர் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, சாம்பல் பூசணியை இரண்டாக வெட்டி விளக்குப் போட்டு விற்க உட்கார்ந்துவிட்டார். அப்பாவும் பெரியப்பாவும் போய்ச் சண்டை போட்டார்கள். ஊர் என்ன சொல்லும் என்றார்கள். "ஊரு ஒண்ணும் சொல்லாது. இனிமே என்னய எந்த வூட்டுலயும் எண்ணாதீங்க" என்றாராம். பெரியப்பா அதற்கு மேல் டூர் நடத்தவில்லை. முட்டிவலி என்று சொன்னார். முட்டியும் வலித்திருக்கலாம்.

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. தேய்பிறை அஷ்டமிக்கு இப்போது பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் கார்கள் வரிசை கட்டுகின்றன. அத்தை தமிழிலும் கன்னடத்திலும் கூவி விற்கிறார். போன மாசம், கோயம்புத்தூரில் படிக்கும் என் மகள்முறைப் பெண் ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினாள். தமிழ்நாட்டில் தவறவிடக் கூடாத ஐம்பது இடங்கள். ஒகேனக்கல்லுக்கு நேராக இந்தியாவின் நயாகரா என்று போட்டிருந்தான் எவனோ. பார்த்ததும் எரிச்சல் வந்தது. எங்கள் அருவிக்குச் சொந்தமாக ஒரு பேர் இருக்கிறது, புகையும் கல் என்று கன்னடத்தில் அழகான பேர். எவனுடைய அருவிப் பேரையோ ஒட்டினால்தான் வருவீர்களா? தீர்த்தமலை இருந்தது. எங்கள் பைரவர் கோயிலும் நாற்பத்தேழாவதாக இருந்தது. பார்த்த இடங்களுக்கு எல்லாம் டிக் போட்டு அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாள். தஞ்சாவூர், ராமேஸ்வரம் என்று போட்டுக்கொண்டே வந்து கன்னியாகுமரியில் என் விரல் நின்றுவிட்டது. போட முடியவில்லை.

மறுநாள் அத்தை கடைக்குப் போனேன். கூட்டமில்லாத நேரம். அத்தை பூசணியைக் குடைந்துகொண்டிருந்தார்.

"அத்த, அல்லாரும் கார்ல கன்னியாகுமரி போலாம்னு இருக்கறோம். நீங்களும் வாங்க."

"நான் எதுக்குடா? காலையிலயும் பாத்துட்டேன், சாயங்காலமும் பாத்துட்டேன். உங்கள்ல எவன் பாத்தான் ரெண்டையும் முழுசா?" என்று சிரித்தார். "வெங்காயம் உரிக்க ஆளு வேணுமாக்கும்?"

வெங்காயக் கதை அவருக்குத் தெரிந்திருக்கிறது. சமையல்காரர் அப்போதே சொல்லிவிட்டாராம். எந்த இடம் என்று கேட்டதற்கு மட்டும், வெளியூர்க்காரன் எனக்கு ஊர் பேரெல்லாம் தெரியாதம்மா என்று நழுவிவிட்டாராம்.

நான் சொன்னேன். வரிசையில் நின்று அவர் சொன்னதை மறந்தது, இரண்டு தடவை வந்தாச்சு என்றது, பஸ்ஸுக்கு அடியில் குனிந்து தேடியது எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அத்தை குடைவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அதெல்லாம் தெரிந்ததுதான் என்பது போல. "நாகர்கோவில் இல்லீங்கத்த" என்றேன். "கோவில்பட்டி. மத்தியானம் சோத்துக்கு நிறுத்தினப்பத்தான் தெரிஞ்சுது."

கத்தி நின்றது.

"கோயில்பட்டியா?" என்றார். ரோட்டைப் பார்த்தார். கன்னியாகுமரியிலிருந்து வரும் அதே ரோடுதான், எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு வடக்கே போகிறது. "நான் திருநெல்வேலின்னுல்ல நெனச்சிருந்தேன். எறங்கி ஏறினீங்களே, அங்க தெரிஞ்சிருக்கும்னு."

திருநெல்வேலிக்கும் கோவில்பட்டிக்கும் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். பன்னிரண்டு வருஷமாக அத்தை எங்களை அந்த அறுபது கிலோமீட்டர் அளவுக்கு நல்லவர்கள் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.