ஆயிரத்து முந்நூற்றில் தேடிய செடி

என் தங்கையை வீட்டில் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதில் கீரை ஆயச் சொன்னால் ஒவ்வோர் இலையையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அன்று சாப்பாடு மூன்று மணிக்குத்தான். இப்போது அதுவே அவளுக்குச் சம்பளம் தருகிற வேலை. உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிவைத்திருக்கும் காப்பகத்தில், எந்தச் செடியினம் பிழைத்திருக்கிறது, எது அழியப்போகிறது, எது அழிந்தேவிட்டது என்று மதிப்பிட்டுப் படிவம் எழுதுகிறாள். நான் பத்தாவதோடு நின்று, தையல் மிஷின் பழுதுபார்ப்பவன். அவள் சொல்லக் கேட்டதைத்தான் எழுதுகிறேன், தப்பிருந்தால் என்னுடையது.

போன வருடம் அவள் மேஜைக்கு ஒரு தாள் வந்தது. முழங்கால் உயரச் செடி, மங்கிய ஊதாப் பூ. அறுபது வருடத்துக்கு முன் ஒருவர் ஒரு மலையில் பறித்து ஒட்டியது. அதன்பின் நான்கு முறை தேடியும் யார் கண்ணிலும் படவில்லை. மாதக் கடைசிக்குள் ‘அற்றுப்போனது’ என்று அவள் கையெழுத்திட வேண்டும். இட்டுவிட்டால் தேடுவது நின்றுவிடும். அந்த மலையில் கல் உடைக்க விண்ணப்பித்திருந்தவர்களுக்கும் தடை நீங்கிவிடும்.

“போட்டுத் தொலையேன். நாலு தடவை தேடியாச்சுல்ல?” என்றேன்.

“உயிரோட இருக்கறதுக்குச் சாவுச் சீட்டு எழுதிட்டா, அப்புறம் யாருண்ணா திருத்துவா?”

இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அதே மனிதர் ஒட்டிய நூற்று அறுபத்திரண்டு தாள்களையும் எடுத்துப் பார்த்தாள். ஒன்று, ரயில் நிலையத்தின் நடைமேடை ஓரம் பறித்த புல். கடல்மட்டத்திலிருந்து உயரம் என்ற இடத்தில் அடியா மீட்டரா என்றில்லாமல் வெறும் 410. மறுநாளே அந்த நிலையத்துக்குப் போனாள். போன் வந்தபோது நான் ஒரு மிஷினைப் பிரித்துப் போட்டிருந்தேன்.

“அண்ணா, இங்க ஸ்டேஷன் போர்டுல கடல்மட்டத்துலேர்ந்து நூத்தி இருபத்தஞ்சு மீட்டர்னு போட்டிருக்கு!”

“அதுக்கு ஏன் இப்படிக் கத்துற?”

“அந்த மனுஷன் அடிக்கணக்குல எழுதியிருக்காரு. நாங்க எல்லாரும் மீட்டர்னு படிச்சிருக்கோம். நம்ம செடிக்கு ஆயிரத்து முன்னூறுன்னு இருந்துச்சா, நாலு தடவையும் உச்சிக்குப் போயிட்டோம். அது நானூறு மீட்டர்கூட வராதுண்ணா. அடிவாரம்!”

காப்பக இயக்குநர் முனகிக்கொண்டே ஒரே ஒரு நாள் ஜீப் கொடுத்தார். அடிவாரத்தில் மதியம் வரை ஒன்றும் கிடைக்கவில்லை. என்ஜின் சூடாகி, ஓட்டுநர் தண்ணீர் எடுக்கப் பாலத்துக்கடியில் இறங்கினார்.

“மேடம், நீங்க படத்துல காட்டினது இதுமாதிரிதானே இருந்துச்சு? இங்க ஒரு கும்பலே நிக்குது!”

முப்பத்தேழு செடிகள். மூன்று முறை எண்ணினாளாம். பதினொன்றில் விதை பிடித்திருந்தது.

படிவத்தில் ‘மிக அருகிவிட்டது’ என்ற பெட்டியில் குறியிட்டாள். கீழே, தேவைப்படும் பாதுகாப்பு என்ற இடத்தில், ஆடு நுழையாமல் வேலி, விதை சேமிப்பு, கல் உடைக்கத் தடை என்று எழுதினாள். அடுத்த வாரமே கல் உடைக்கக் கேட்டவர்களின் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது.

“அழியப்போகுதுன்னு எழுதிட்டு இப்படிச் சிரிக்கிறியே,” என்றேன்.

“அழியப்போறதுன்னா இன்னும் இருக்குன்னு அர்த்தம்ணா,” என்றாள். இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பாயில் விழுந்தவள் சாயங்காலம் வரை புரளக்கூட இல்லை.