எல்.கே.ஜி.யில் ஒரு தாம்பாளம் அரிசி

மேடையில் நான் சொல்லும் கதைகளில் அதிகம் கைதட்டல் வாங்குவது அம்மாவின் எல்.கே.ஜி. கதைதான். அதன் முடிவை இத்தனை வருஷமாகத் தப்பாகச் சொல்லிக் காசு பார்த்திருக்கிறேன் என்பது போன மாதம்தான் தெரிந்தது. நான் படித்த புத்தகங்களையெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம்.

மேனாம்பேட்டில் ஒரு தனியார் பள்ளி. அம்மா எல்.கே.ஜி. மிஸ். அப்பாவின் தங்கையான அத்தை, மூன்றாம் வகுப்பு மிஸ். இருவரும் பி.ஏ., ஒரே பயிற்சி, மழை வந்தால் ஒரே குடை. சம்பளத்தில் மட்டும் அம்மாவுக்குப் பாதி. அத்தைக்கு மே மாதமும் சம்பளம் உண்டு. அம்மாவுக்குக் கிடையாது, பிள்ளைகளுக்கு லீவாம். அதே மே மாத வெயிலில் வீடு வீடாகப் போய் அட்மிஷனுக்கு ஆள் சேர்ப்பதும் அம்மாதான்.

நான் அத்தையிடம் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், தொழிற்பேட்டையில் அப்பாவின் கம்பெனியை மூடிவிட்டார்கள். அம்மா தாளாளரிடம் போய், அத்தைக்குத் தரும் சம்பளத்தைத் தனக்கும் கேட்டாள்.

அவர் சிரித்தார். விஜயதசமியன்று எல்லாக் குழந்தைகளையும் மடியில் வைத்து அரிசியில் 'அ' எழுத வைத்தவர் அவர். பாடம் அன்றே முடிந்தது, மீதி வருஷம் முழுக்க மூக்கு துடைப்பதுதான் வேலை என்பது அவர் எண்ணம்.

"வீட்ல பண்றதத்தானம்மா இங்கயும் பண்றீங்க?"

"அப்ப நாளைக்கு நீங்களே பண்ணுங்க சார். எனக்கு லீவு வேணும்" என்றாளாம் அம்மா.

மறுநாள் அவர் தாம்பாளம் நிறைய அரிசியோடு வகுப்புக்குள் நுழைந்தார். விஜயதசமிக்குக் குழந்தைகள் ஒவ்வொன்றாக, அப்பா அம்மாவோடு, பட்டுப்பாவாடையில் வந்திருந்தன. இன்று மொத்தமாக இருந்தன. எங்கள் வகுப்புக்கும் அதற்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான். ஓட்டை வழியே பார்த்த என்னை அதட்டிவிட்டு, அத்தை பக்கத்து ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டாள்.

அரிசி பறந்தது. சிலர் தின்றார்கள். ஒருவன் தாம்பாளத்திலேயே உட்கார்ந்து அதை நனைத்தான். தாளாளர் "சைலன்ஸ்" என்றார். எல்லோரும் அதையே திருப்பிக் கத்தினார்கள். ஆயாம்மா எதிர்த்தெருவிலிருந்த எங்கள் வீட்டுக்கு ஓடினாள்.

"மிஸ்ஸு, சீக்கிரம் வாங்க. ஒரு புள்ள மூக்குல அரிசி பூந்துகினு கீது. சாரு அழுவுற மாதிரி நின்னுகினு கீறாரு."

அம்மா வந்தாள். அரிசி வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் வகுப்பு பாட ஆரம்பித்தது. சாயங்காலம் தாளாளர் அம்மாவைக் கூப்பிட்டு, இது ஒருத்தியால் ஆகிற வேலையில்லை என்று ஒப்புக்கொண்டார். இன்னொரு ஆயா வந்தாள். அம்மா ஜெயித்துவிட்டாள் என்று தெருவெல்லாம் சொன்னேன். மேடையிலும் அங்கேதான் முடிப்பேன்.

போன மாதம் வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி விழாவில் இந்தக் கதையைச் சொன்னேன். அம்மாவும் வந்திருந்தாள். திரும்பும்போது ஆட்டோவில் மீதியைச் சொன்னாள். "இப்பத்தாம்மா புரியுது. இதுக்கு ஆளுங்கதான் வேணும், படிச்சவங்க எதுக்கு?" என்றாராம் தாளாளர். சம்பளம் ஏறவில்லை. அரிசியை எடுத்துவிட்டு மணி அடிக்கும்வரை வகுப்பு நடத்திய அந்த நாளையும் லீவாகவே எழுதிச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார். அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஜெயித்த களைப்பு என்று நினைத்திருந்தேன்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த மனிதர் இன்று உயிரோடில்லை. அவர் சொன்னது நன்றாகவே உயிரோடிருக்கிறது. காட்டுப்பாக்கத்தில் சுவரெல்லாம் கரடி வரைந்து, ஏ.சி. மாட்டி, இன்ஜினியரிங் காலேஜ் மாதிரி ஃபீஸ் வாங்கும் மழலையர் பள்ளியில் என் தங்கை மகள் மிஸ். எம்.ஏ. படித்தவள். மாடியில் ஒன்றாம் வகுப்பு எடுப்பவரின் சம்பளத்தில் அவளுக்கும் பாதிதான். கேட்டால், குழந்தைகளோடு விளையாடுவதுதானே என்கிறார்கள். விளையாடவா இவ்வளவு ஃபீஸ் என்று பெற்றவர்கள் யாரும் கேட்பதில்லை. நாலு வயசுப் பிள்ளையை அழாமல் ஒரு மணி நேரம் உட்கார வைத்துக் காட்டச் சொல்லுங்கள் இவர்களை.

இப்படியே ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்குமளவுக்குக் கத்திக்கொண்டு வந்தேன். முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்த அம்மா, பேசினதுக்குக் கவர் கொடுத்தார்களா என்றாள். கொடுத்தார்கள் என்றேன்.

"பரவால்ல. அந்த ஒரு நாளுக்கு உனக்காவது சம்பளம் வந்துச்சே."