அப்பத்தாவுக்குப் போட்டுவிட்ட ரவிக்கை

தோழிகளே, இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். பெரியப்பாவுக்குத் தெரிந்தால் என் படிப்பு நின்றுவிடும்.

செத்துப்போன அப்பத்தாவின் படம் இன்று ஸ்டூடியோவிலிருந்து வந்தது. ஆயுளில் ரவிக்கையே போடாதவளுக்குச் சாயத்தில் பச்சை ரவிக்கை தீட்டியிருந்தார்கள்.

"டவுனு ஆளுக வந்து போற நம்ம கடையில மாட்டணும்ல, மரியாதையா இருக்கட்டும்," என்றார் பெரியப்பா.

அவர் கலியாணத்திலேயே, "இந்த வெயில்ல என்னையத் துணிக்குள்ள போட்டு அவிக்கப் பாக்குறியாடா?" என்று ரவிக்கையைத் தூக்கி எறிந்தவள் அப்பத்தா. அன்று வாய் திறக்காத மகனுக்கு இன்றுதான் தைரியம் வந்திருக்கிறது.

சற்றுமுன் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். ரவிக்கை போயிற்று. கூடவே கொஞ்சம் தோளும் போயிற்று. அப்பத்தாவுக்கு இப்போது வேர்க்காது.

உங்கள் வீட்டுச் சுவர்களில் யார் யார் வேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்? எழுதுங்கள்.

பெரியப்பா கதவைத் தட்டுகிறார்.

"ஏத்தா, தூங்கிட்டியா? அந்தப் படத்தை எங்க வச்ச?"